'ஒர்க்' என்ற சொல்லின் பூர்வீகம்

தையல் கடை வாசலில் 'இங்கு ஆரி ஒர்க் செய்து தரப்படும்' என்று எழுதியிருக்கும். நாலு கடை தள்ளி ஒரு கார் ஒர்க்ஷாப். சிவகாசிப் பக்கம் போனால் பலகைக்குப் பலகை 'ஃபயர் ஒர்க்ஸ்'. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் 'பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்', 'பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்' என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன். பிள்ளைக்கு ஹோம் ஒர்க், ஜிம்மில் ஒர்க் அவுட். டிவி ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு 'ஒர்க் ஆகலையே' என்று அலுத்துக்கொள்கிறோம்.

'ஒர்க் என்றால் வேலை' என்றுதான் பள்ளியில் படித்தோம். அதை இந்த இடங்களில் எல்லாம் பொருத்திப் பாருங்கள். ஆரி வேலை என்று சொல்லலாம், சரி. பெரம்பூரில் இருப்பது தொழிற்சாலை. சிவகாசியில் செய்வது பட்டாசு. ரிமோட் விஷயத்தில் நாம் சொல்வது 'இயங்கவில்லை' என்று. ஒரே சொல் எப்படி இத்தனை பக்கம் போனது?

அந்தச் சொல் பிறந்தபோது அதற்குச் சம்பளம், ஆபீஸ், மேனேஜர் என்ற வாடையே இல்லை. 'செய்வது' என்பதுதான் அதன் முதல் பொருள். கூடவே 'செய்து முடிக்கப்பட்ட பொருள்' என்பதும் உண்டு. செயல் ஒரு முனை, அதனால் விளைந்தது மறு முனை. இந்த இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன பெரும்பாலான பயன்பாடுகள் தாமாகவே விளங்கிவிடும். நம் 'வினை'யும் இப்படித்தான்: செய்வதும் வினை, அதன் விளைவாக வந்து சேர்வதும் வினை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தப் பெயர்ச்சொல் 'வெயோர்க்' என்ற மாதிரி ஒலித்தது. ஒருவர் செய்த செயல், கையால் செய்த பொருள், கட்டிய கோட்டை எல்லாமே அதில் அடங்கும். துன்பம், வலி என்ற பொருளும்கூட அன்றைக்கு அதற்கு இருந்தது. அது பின்னால் உதிர்ந்துவிட்டது.

இந்த 'செய்த பொருள்' என்ற பழைய அர்த்தம் இன்றும் அப்படியே உயிரோடு இருக்கும் இடம் நம் தையல் கடைதான் என்பேன். கல்யாண பிளவுஸில் ஆரி ஒர்க், ஸ்டோன் ஒர்க், கட் ஒர்க் என்கிறோம். துணி மேல் ஊசியால் செய்யப்பட்டது எதுவோ அதுதான் ஒர்க். இங்கிலாந்திலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வீட்டுப் பெண்கள் 'ஒர்க்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்' என்று எழுதினால் தையலோ பூவேலையோ செய்ய உட்கார்ந்தார்கள் என்றே பொருள். ஊசி நூல் வைக்கும் பெட்டிக்கு 'ஒர்க்பாக்ஸ்' என்று பெயர். நெட்ஒர்க்கும் இதே வகைதான். வலை போலப் பின்னிச் செய்தது என்று 16ஆம் நூற்றாண்டில் அதற்குப் பொருள். அதற்குள் கம்ப்யூட்டரும் செல்போன் டவரும் வந்து புகுந்துகொண்டது நேற்றைய கதை. நெருப்பால் செய்யும் வித்தை ஃபயர் ஒர்க்.

இன்றைக்கு 'ஒர்க்' என்பதற்கு இறந்தகாலம் 'ஒர்க்ட்'. முன்பு அப்படியில்லை, 'ராட்' என்பதுதான் இறந்தகாலம். எழுதும்போது டபிள்யூவில் தொடங்கி உச்சரிக்காத எழுத்துகளோடு நீளமாக எழுதுவார்களே, அந்த 'ராட்'. நடுவில் இருந்த 'ர' ஒலி முன்னால் தாவிவிட்டது. மதுரையை 'மருதை' என்று சிலர் சொல்வதில்லையா, அதே தாவல்தான். இந்த ராட் இப்போது பேச்சில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் 'ராட் அயர்ன்' கேட், 'ராட் அயர்ன்' கட்டில் என்று மரச்சாமான் கடைகளில் கேட்டிருப்பீர்கள். கம்பியைக் குறிக்கும் 'ராட்'தான் அது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நம் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றாகவே விழுகிறது. உண்மையில் அது 'அடித்துச் செய்யப்பட்ட இரும்பு'. தமிழில் தேனிரும்பு. அச்சில் உருக்கி ஊற்றும் வார்ப்பிரும்பிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அந்த அடைமொழி.

இதே வேரில் 'ரைட்' என்று ஒரு சொல்லும் உண்டு. இதுவும் டபிள்யூவில் தொடங்கும். எழுதுவது, சரி, வலது என்று எதோடும் இதற்குத் தொடர்பில்லை. செய்பவர், கைவினைஞர் என்று பொருள். கப்பல் கட்டுபவர் ஷிப்ரைட், சக்கரம் செய்பவர் வீல்ரைட். கார்ட்ரைட் என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. வண்டி செய்த பரம்பரை. 1903இல் விமானம் ஓட்டிய ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயரும் இந்த ரைட்தான். சைக்கிள் கடை வைத்திருந்தவர்களுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! நாடக ஆசிரியரை 'பிளேரைட்' என்கிறார்களே, அது நாடகம் 'எழுதுபவர்' அல்ல, நாடகம் 'செய்பவர்'. ஸ்பெல்லிங்கில் பலரும் தடுமாறுவது இங்கேதான். 17ஆம் நூற்றாண்டில் வந்த சொல் இது. தச்சர் பலகையைச் செதுக்குவது போல இவர் நாடகத்தைச் செதுக்குகிறார் என்று கொஞ்சம் நக்கலாகத்தான் முதலில் சொல்லியிருக்கிறார்கள்.

'ஹேண்டிஒர்க்' என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ஹேண்டி' என்றால் வசதியானது என்று தெரியும், ஆகவே அதுவும் இதுவும் சேர்ந்தது என்று தோன்றும். அப்படியில்லை. கை என்பதற்கு 'ஹேண்ட்', செய்ததற்குப் பழைய வடிவம் 'கெவெயோர்க்'. அந்தக் 'கெ' தேய்ந்து நடுவில் ஓர் இகரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹேண்டிஒர்க்கைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் 'கைவினை' அச்சாகப் பொருந்தும். கை என்பதையும் வினை என்பதையும் சேர்த்துச் சொல் உண்டாக்கும் இந்த யோசனை, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. இன்னும் ஓரிடத்திலும் தோன்றியது, அது கிரேக்கம்.

கிரேக்கத்துக்குப் போன கிளை

ஆங்கிலம், கிரேக்கம், லத்தீன், பாரசீகம், சமஸ்கிருதம் எல்லாம் ஒரே ஆதி மொழியிலிருந்து கிளைத்தவை. அந்த மொழி எழுதப்பட்டதே இல்லை. பிள்ளைகளின் முக ஜாடையை வைத்துத் தாத்தாவின் முகத்தை ஊகிப்பது மாதிரி, கிளை மொழிகளை ஒப்பிட்டு அதன் சொற்களை மீட்டிருக்கிறார்கள். அப்படி மீட்ட வேர்களில் ஒன்று 'வெர்க்'. இறுதியில் உள்ளது 'அங்கே' என்பதில் வரும் மென்மையான 'க'. பொருள்: செய்.

கிளை பிரியும்போது ஒலிகள் கண்டபடி மாறாமல் ஒழுங்காக மாறுகின்றன. இதை 1822இல் விளக்கமாக எழுதியவர் யாக்கோப் கிரிம். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான். மற்ற மொழிகளில் மென்மையான 'க' இருக்கும் இடத்தில் ஆங்கிலக் குடும்பத்தில் வன்மையான 'க்' வரும் என்பது அவர் சொன்ன விதிகளில் ஒன்று. ஓர் உதாரணம் பார்ப்போம். யோகாசனம் செய்பவர்களுக்கு 'ஜானு சிரசாசனம்' தெரிந்திருக்கும். ஜானு என்றால் முழங்கால். கிரேக்கத்தில் அது 'கோனு', லத்தீனில் 'கெனு'. ஆங்கிலத்தில் 'நீ' என்கிறோம், ஆனால் எழுதும்போது முன்னால் ஒரு 'கே' போடுகிறோமே, ஏன்? ஒரு காலத்தில் அதை 'க்னீ' என்று உச்சரித்தார்கள். அந்தக் 'க்' கிரிம் சொன்ன 'க்'தான்.

'வெர்க்' ஆங்கிலப் பக்கம் வந்தபோது முடிவில் வன்மையான 'க்' ஆகி ஒர்க் ஆனது. கிரேக்கப் பக்கம் மென்மை அப்படியே நின்றது. ஆனால் கிரேக்கர்கள் காலப்போக்கில் 'வ' ஒலியையே கைவிட்டார்கள். 'வெர்கோன்' என்று இருந்தது 'எர்கோன்' ஆயிற்று. முகம் மாறிப்போனதால் ஒர்க்கும் எர்கோனும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று பார்த்தால் தெரியாது. தெரிந்துவிட்டால் ஆங்கில அகராதியில் பாதிப் பக்கம் வேறு மாதிரித் தெரியும்.

கிரேக்கத்தில் கைக்கு 'கெய்ர்'. அதோடு எர்கோன் சேர்ந்தால் 'கெய்ரூர்கியா', அதாவது கைவினை. மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது ஒரு வகை, கையால் அறுத்துத் தைத்துக் குணப்படுத்துவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு இந்தப் பெயர் நிலைத்தது. லத்தீனில் 'கிருர்கியா' ஆகி, பழைய பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வரும்போது 'சர்ஜரி' ஆகிவிட்டது. இதயம், மூளை, நரம்பு என்று அறுவை சிகிச்சையில் உயர்படிப்பு முடித்த டாக்டர்களின் பெயருக்குப் பின்னால் 'எம்.சிஎச்.' என்று போட்டிருக்கும். அந்த 'சிஎச்' லத்தீன் கிருர்கியாவின் முதல் இரண்டு எழுத்துகள். ஆஸ்பத்திரிப் பலகையில் தொங்கும் அந்த எழுத்துகளும் தையல் கடைப் பலகையில் இருக்கும் 'ஆரி ஒர்க்'கும் ஒரே வேர். இரண்டு இடத்திலும் ஊசியும் நூலும்தான் என்று வேண்டுமானால் சிரித்துக்கொள்ளலாம்.

நிலம் 'கே'. நிலத்தில் வினை செய்பவர் 'கெயோர்கோஸ்', உழவர். இதுதான் ஜார்ஜ் என்ற பெயர். தமிழ்நாட்டின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருப்பது புனித ஜார்ஜ் கோட்டையில் அல்லவா, இனி அந்தப் பெயரைக் கேட்டால் ஓர் உழவர் நினைவுக்கு வரலாம். உலோகத்தில் வினை செய்வது மெட்டலர்ஜி. ஊருக்காகச் செய்யும் வினை 'லெய்டூர்கியா'. பழைய ஏதென்ஸில் பணக்காரர்கள் தங்கள் செலவில் ஒரு போர்க்கப்பலை ஓராண்டு பராமரிக்க வேண்டும், அல்லது நாடக விழாவுக்கான குழுவைத் தயார் செய்ய வேண்டும். அந்தப் பொதுக் கடமைக்குப் பெயர் இது. பிறகு கிறிஸ்தவ சபை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு 'லிட்டர்ஜி' ஆக்கியது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருவழிபாடு என்பார்கள்.

வினை செய்யும் கருவி 'ஓர்கனோன்'. உடம்பின் கருவிகள் ஆர்கன்ஸ். தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கனும் அதே. அலர்ஜி என்ற சொல்லுக்கு வயது கொஞ்சம்தான். 1906இல் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் ஃபொன் பிர்கே உண்டாக்கியது. 'அல்லோஸ்' என்றால் வேறு. ஒரு பொருள் முதல்முறை உடம்பில் புகுந்ததற்கும் அடுத்த முறை புகுந்ததற்கும் உடம்பு வேறு மாதிரி வினையாற்றுகிறது என்பதைக் குறிக்கப் பழைய கிரேக்கத் துண்டுகளை எடுத்து ஒட்டவைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆர்கான். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், ரசாயன முறையில் தயாரித்த நைட்ரஜனைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று ராலே பிரபு மண்டையை உடைத்துக்கொண்டார். அவரும் வில்லியம் ராம்சேயும் சேர்ந்து தேடி, காற்றில் யாரும் கவனிக்காத ஒரு வாயு ஒளிந்திருப்பதை 1894இல் கண்டுபிடித்தார்கள். நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அதுதான். எதோடு சேர்த்தாலும் சேராமல் சும்மா கிடந்தது. கிரேக்கத்தில் 'அ' என்றால் இல்லை. 'எர்கோன்' இல்லாதது 'ஆர்கோஸ்', சோம்பேறி. அப்படியே ஆர்கான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் கோயம்புத்தூர் பக்கம் எந்த ஒர்க்ஷாப் வரிசையில் நடந்தாலும் 'ஆர்கான் வெல்டிங்' பலகையைப் பார்க்கலாம். அலுமினியமோ எவர்சில்வரோ பற்ற வைக்கும்போது, கொதிக்கும் உலோகத்தை வெளிக்காற்று தொடாமல் இந்த வாயு மூடிக்கொள்கிறது. எதிலும் சேராமல் சும்மா இருப்பதுதான் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை. 'லெதார்ஜி' என்று சோம்பலைச் சொல்கிறோமே, அதன் பின்பாதியிலும் இதே ஆர்கோஸ் உட்கார்ந்திருக்கிறது.

இயற்பியலில்

'உள்ளே' என்பதற்கு 'என்'. அரிஸ்டாட்டில் 'எனெர்கெயா' என்று ஒரு சொல்லைப் புழங்கினார். வினையில் இருக்கும் நிலை என்று பெயர்க்கலாம். அதுதான் எனர்ஜி. அறிவியல் பொருளில் அதைப் பயன்படுத்தியது ஆங்கிலேய இயற்பியலாளர் தாமஸ் யங், 1807இல் வெளியான அவருடைய சொற்பொழிவுகளில்.

'வேலை செய்யும் திறனே ஆற்றல்' என்று பள்ளிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தோம். ஆங்கிலத்தில் அந்த வரியைப் பார்த்தால் ஒரு பக்கம் எனர்ஜி, மறு பக்கம் ஒர்க். ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்றை வைத்து இன்னொன்றை விளக்கியிருக்கிறார்கள்.

இயற்பியல் 'ஒர்க்' என்பதற்குத் திட்டமான பொருளைக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர் கோரியோலிஸ். 1829இல் இயந்திரங்களைப் பற்றி எழுதியபோது, விசையையும் அது நகர்த்திய தூரத்தையும் பெருக்கினால் வருவதற்கு இந்தப் பெயரை வைத்தார். 25 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கினால் சுமார் 245 ஜூல். ஆனால் அதே மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லாரிக்காக அரைமணி நேரம் அசையாமல் நிற்கும் தொழிலாளி, இந்தக் கணக்குப்படி மூட்டை மேல் செய்த வேலை பூஜ்யம். மூட்டை நகரவில்லை, அவ்வளவுதான். அவர் கழுத்துக்கு அது தெரியாது. தசைகள் உள்ளே சுருங்கிச் சுருங்கி ஆற்றலைச் செலவழித்தபடிதான் இருக்கும். மூட்டைக்கு அது போய்ச் சேரவில்லை என்பதை மட்டுமே இயற்பியல் சொல்கிறது. 'செயல்' என்ற முனையை விட்டுவிட்டு 'விளைவு' என்ற முனையை மட்டும் அது அளக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலுக்கு முன்னால் புழக்கத்தில் இருந்த சின்ன அலகின் பெயர் 'எர்க்'. ஒரு கோடி எர்க் சேர்ந்தால் ஒரு ஜூல். எர்க் எங்கிருந்து வந்தது என்று இனி சொல்லத் தேவையில்லை.

கோரியோலிஸ் பிரெஞ்சில் எழுதியது 'ட்ராவாய்' என்ற சொல். அதன் பூர்வீகம் கொஞ்சம் பயங்கரமானது. லத்தீனில் மூன்று கழிகளை நட்டு ஆளைக் கட்டிவைத்து வதைக்கும் கருவிக்கு 'டிரிபாலியும்' என்று பெயர். ட்ராவாய் அதிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆங்கிலத்துக்கு அதே சொல் வந்து 'டிராவல்' ஆனது. அந்தக் காலப் பயணம் அப்படி இருந்திருக்கிறது. லத்தீன் வழி வந்த 'லேபர்' என்பதிலும் பாடு, துன்பம் என்ற பொருள் உண்டு. அதனால்தான் தொழிலாளர் நலத்துறையும் லேபர், பிரசவ வார்டும் லேபர். இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒர்க் சாதுவான சொல். வலி என்ற பொருள் அதிலிருந்து எப்போதோ கழன்றுவிட்டது. செய்வது, ஆக்குவது என்பதுதான் மிச்சம்.

'ஜாப்' 16ஆம் நூற்றாண்டில் தலைகாட்டியபோது 'ஒரு துண்டு வேலை' என்றுதான் பொருள். துண்டு துண்டாகக் கூலிக்குச் செய்ததெல்லாம் சேர்ந்து பின்னால் நிரந்தர உத்தியோகம் என்ற பொருளுக்கு வந்தது. ஆலைகள் பெருகப் பெருக, 'ஒர்க்குக்குப் போகிறேன்' என்றால் வீட்டைவிட்டுக் கிளம்பி இன்னோர் இடத்துக்குப் போவது என்ற அர்த்தமும் கெட்டிப்பட்டது. அந்த இடத்துக்கே பன்மையில் 'ஒர்க்ஸ்' என்று பெயர். பெரம்பூர் ஸ்டேஷன் பெயர்கள் அந்த வழியில் வந்தவை.

நாம் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம்

'எனக்கு ஒரு வேலை இருக்கு' என்பதை நாம் அப்படியே 'ஐ ஹேவ் எ ஒர்க்' என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் வேலையை எண்ணலாம். இரண்டு வேலை பாக்கி, நாலு வேலை முடிந்தது என்போம். ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் ஒர்க்கை எண்ண முடியாது. 'சம் ஒர்க்', 'எ லாட் ஆஃப் ஒர்க்' என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணியே ஆக வேண்டுமென்றால் 'ஜாப்' அல்லது 'டாஸ்க்' போடலாம்.

முன்னால் 'எ' சேர்த்தால் பொருள் மறு முனைக்குத் தாவிவிடும். 'எ ஒர்க்' என்றால் செய்து முடித்த படைப்பு: ஒரு நாவல், ஓர் ஓவியம், ஓர் இசைக்கோவை. நூலகத்தில் 'கலெக்டட் ஒர்க்ஸ்' என்று தடிதடியாக இருப்பவை அந்த வகை. அரசு டெண்டரில் வரும் 'ஒர்க்ஸ்' சாலை, பாலம், கட்டடம் மாதிரியான கட்டுமானங்கள். பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பெயரில் நடுவில் இருக்கும் டபிள்யூ அதுதான். 'பீஸ் ஆஃப் ஒர்க்' என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். நாற்காலியைப் பார்த்துச் சொன்னால் பாராட்டு. ஆளைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் 'இவன் ஒரு மாதிரியான ஆசாமி' என்று திட்டுவதாகிவிடும்.

அப்புறம், 'ஐ ஆம் அட் ஒர்க்', 'கோயிங் டு ஒர்க்' என்பவற்றில் நடுவே 'தி' வராது. 'தி ஆபீஸ்' என்னும்போது வரும்.

'ஒர்க் ஆகுது' என்று நாம் சொல்வது ஆங்கில வழக்கோடு பொருந்தியே இருக்கிறது. மருந்து வினை செய்தால், பூட்டு திறந்தால், திட்டம் பலித்தால் ஆங்கிலத்திலும் 'இட் ஒர்க்ஸ்'தான். விளைவு கிடைத்தது என்று பொருள். 'ஒர்க் அவுட்' என்றால் கணக்குக்கு விடை காண்பது, உடற்பயிற்சி செய்வது, ஒரு விஷயம் கடைசியில் சரியாக அமைவது என்று மூன்றும் உண்டு. 'இந்த வியாபாரம் ஒர்க் அவுட் ஆகாது' என்று டீக்கடையில் சொல்வது மூன்றாவது.

இனி 'எர்க்', 'எர்ஜ்' என்று காதில் விழுவதையெல்லாம் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடத் தோன்றும். டிடர்ஜென்ட் இதில் சேராது. லத்தீனில் துடைப்பது என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. எமர்ஜென்சியும் சேராது; அதில் இருப்பது நீரில் முங்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல், முங்கியது மேலே வருவதுதான் எமர்ஜ். ஐஸ்பெர்க்கில் உள்ள பெர்க் மலை. ஆனால் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் முதுகுவலிக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் 'எர்கனாமிக்' நாற்காலி அசல் சொந்தம்தான்.